ஹப் கியர் மவுண்டன் பைக்கிற்கு முழுச் செயின் கவர்: தேர்வும் பொருத்தலும் பராமரிப்பும்

சேற்றிலும் மழையிலும் ஓடும் மவுண்டன் பைக்கில் விரைவாகத் தேயும் உறுப்புகளுள் ஒன்று செயின். எண்ணெய் பூசிய செயினில் புழுதி ஒட்டிக்கொள்கிறது. அந்தப் புழுதியும் எண்ணெயும் கலந்து அரைப்புப் பசையாகிச் செயினின் பின்களையும் பல்சக்கரத்தின் பற்களையும் சுரண்டுகின்றன. செயினை முழுவதுமாக ஓர் உறைக்குள் வைத்துவிட்டால் இந்தத் தேய்மானம் பெருமளவு குறையும் என்பது பழைய யோசனை. இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டன் நகரில் ஜான் மார்ஸ்டன் தயாரித்த சன்பீம் சைக்கிள்கள், செயின் எண்ணெயில் நனைந்தபடியே ஓடும் மூடிய உறைக்காகவே பெயர் பெற்றவை. அந்த யோசனையை இன்றைய மவுண்டன் பைக்கிற்குக் கொண்டுவர விரும்பும் புதியவர்களுக்காக, வாங்குவதற்கு முன் எதை அளக்க வேண்டும், எப்படிப் பொருத்த வேண்டும், பொருத்திய பின் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு நிபந்தனை. டீரெய்லர் கியர் உள்ள சைக்கிளில் செயின் ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குப் பக்கவாட்டில் தாவ வேண்டும். கியர் மாறும்போதெல்லாம் செயினின் தொங்கலும் மாறும். ஆகவே அதை மூடிவைக்க வழியில்லை. ஹப் கியரில் பல்லிணைகள் அனைத்தும் பின்சக்கர ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடு உருளையின் உள்ளே இருப்பதால், வெளியே செயின் எப்போதும் ஒரே கோட்டில், ஒரே நீளத்தில் ஓடுகிறது. முழுச் செயின் கவர் சாத்தியமாவது இந்த ஒரு காரணத்தால்தான். பின்னால் வரும் எல்லா அறிவுரைகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன: செயின் நேராக ஓடவில்லை என்றாலோ, அதன் இறுக்கம் நிலையாக இல்லை என்றாலோ, எவ்வளவு விலையுயர்ந்த கவரும் உரசும், சத்தம் போடும், கடைசியில் கழற்றி மூலையில் போடப்படும்.

எந்த வகைக் கவர்

மூன்று வகைகள் உண்டு. முதலாவது, சட்டகத்தில் கிளாம்பும் திருகும் கொண்டு பிணைக்கப்படும் தகரம் அல்லது பிளாஸ்டிக் பெட்டி. இரண்டாவது, நெதர்லாந்தின் நகர சைக்கிள்களில் காணப்படும், கம்பிச் சட்டத்தின்மேல் பூச்சுத் துணியை இழுத்துக் கட்டிய உறை. மூன்றாவது, சட்டகத்தைத் தொடாமல் செயினின் மேலேயே மிதந்து நிற்கும் பிளாஸ்டிக் உறை; ஜெர்மனியைச் சேர்ந்த ஹெபி நிறுவனத்தின் செயின்கிளைடர் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. ஹாக்கி மட்டை போல மேல்பக்கம் மட்டும் மூடும் பாதிக் கவர் கால்சட்டையைக் காப்பாற்றுமே தவிரச் செயினைக் காப்பாற்றாது. அது இந்தக் கட்டுரையின் பொருளன்று.

மவுண்டன் பைக்கிற்கு மிதக்கும் வகையே பொருத்தமானது என்பது என் கருத்து. பிணைக்கப்படும் பெட்டிகள் நகர சைக்கிளின் நீண்ட சட்டகத்திற்கும் மெல்லிய டயருக்கும் கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. மவுண்டன் பைக்கிலோ பின்பகுதி குட்டையானது, டயர் அகலமானது, கிளாம்பு பிடிக்க இடமே இருக்காது. குலுங்கும் பாதையில் திருகுகள் தளர்ந்து பெட்டி கடகடவென்று ஆடத் தொடங்கிவிடும். மிதக்கும் உறைக்குத் திருகு தேவையில்லை. முன்பகுதி முன் பல்சக்கரத்தைக் கவ்வி நிற்கிறது, பின்பகுதி பின் பல்சக்கரத்தைச் சுற்றி நிற்கிறது, இடையில் செயினின் மேல் ஓட்டத்திற்கும் கீழ் ஓட்டத்திற்கும் தனித்தனிக் கால்வாய்கள் உள்ளன. சக்கரத்தை முன்பின் நகர்த்தினால் பகுதிகள் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கி நீளத்தைச் சரிசெய்துகொள்கின்றன. ஆகவே இனி வரும் படிகளில் மிதக்கும் வகையையே மையமாக வைத்துக்கொள்கிறேன். பிணைக்கும் வகைக்கு வேறுபாடு வரும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

படி 1: சட்டகம் ஒத்துவருமா

பின்சக்கர அச்சு எந்தப் பிளவில் உட்காருகிறது என்று பாருங்கள். பிளவு கிடையாக இருந்தாலோ, பிளவு உள்ள தகடே திருகைத் தளர்த்தினால் நகரக்கூடியதாக இருந்தாலோ, சக்கரத்தைப் பின்னே இழுத்துச் செயினை இறுக்கலாம். சில சட்டகங்களில் பாட்டம் பிராக்கெட், அதாவது பெடல்களைத் தாங்கும் கிராங்கின் அச்சு சுழலும் பகுதி, மையம் விலகிய ஓர் உருளைக்குள் அமைந்திருக்கும். அந்த உருளையைத் திருப்பினால் கிராங்க் முன்னோ பின்னோ நகர்ந்து செயின் இறுகும். இந்த இரண்டில் எது இருந்தாலும் கவலையில்லை.

பிளவு செங்குத்தாக இருந்தால்தான் சிக்கல். அப்படிப்பட்ட சட்டகத்தில் ஹப் கியரைப் பொருத்துபவர்கள், தொங்கும் செயினை இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங் வைத்த செயின் டென்ஷனரை மாட்டுவது வழக்கம். டென்ஷனர் இருக்கும் இடத்தில் செயின் வளைந்து திரும்புகிறது. அதை உறைக்குள் அடைக்க முடியாது. பின் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளிலும் இதே கதைதான்: சஸ்பென்ஷன் அமுங்கும்போது கிராங்குக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் மாறுவதால் டென்ஷனர் இல்லாமல் ஓட்ட முடியாது. உங்கள் சைக்கிள் இவற்றுள் ஒன்றானால் இங்கேயே நின்றுவிடுவது பணத்தை மிச்சப்படுத்தும். முன் சஸ்பென்ஷன் மட்டும் இருந்தால் செயினுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அடுத்தது இடைவெளி. பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் குழாய், அதாவது செயின் ஸ்டே, அகல டயருக்கு இடம் விடுவதற்காக முன் பல்சக்கரத்துக்குப் பின்னாலேயே வெளிப்பக்கம் வளைந்துவிடும். நகர சைக்கிளில் விரல் நுழையும் இடம் மவுண்டன் பைக்கில் சில மில்லிமீட்டராகச் சுருங்கியிருக்கும். இதைக் கண்ணளவில் முடிவுசெய்யாதீர்கள். வாங்க நினைக்கும் கவரின் அகலத்தை அதன் அளவுத்தாளில் பார்த்து, அந்தக் கனம் வரும்வரை அட்டைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, முன் பல்சக்கரத்தின் விளிம்பில் கவரின் உட்பக்கச் சுவர் எங்கே வருமோ அங்கே வைத்துப் பாருங்கள். பிறகு கிராங்கை மெல்ல ஒரு முழுச் சுற்றுத் திருப்புங்கள். அட்டை செயின் ஸ்டேயில் இடிக்கிறதா, வெளிப்பக்கத்தில் கிராங்க் கையோ பெடல் அச்சின் முனையோ உரசுகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். பின்புறம் செயின் ஸ்டேயும், இருக்கைக்குக் கீழிருந்து பின் அச்சுக்கு இறங்கும் குழாயான சீட் ஸ்டேயும் சேரும் மூலையில் பின் பல்சக்கரத்தைச் சுற்றியும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். ஷிமானோ ஹப்புகளில் கியர் கேபிள் வந்து சேரும் இடமும் அங்கேதான் இருக்கிறது; ஆனாலும் பலர் மறந்துவிடும் மூலை அது.

படி 2: பல் எண்ணிக்கை

கவர் எல்லாப் பல் எண்ணிக்கைக்கும் கிடைப்பதில்லை. செயின்கிளைடரின் முன்பகுதி 38, 42, 44 போன்ற குறிப்பிட்ட பற்களுக்கென்று தனித்தனி அளவில் வருகிறது. பின்பகுதியும் எந்த ஹப் என்பதற்கேற்ப வேறுபடும். ஆகவே கவருக்கேற்ற பல்சக்கரத்தைத் தேர்ந்தெடுக்கிறோமே தவிர, இருக்கும் பல்சக்கரத்துக்கேற்ற கவரை அல்ல. மலைப்பாதையில் ஓட்டுபவருக்கு இது சிறிய விஷயமன்று, கொஞ்சம் கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

முன் பற்களைப் பின் பற்களால் வகுத்து வரும் எண்ணை ஹப்பின் முதல் கியர் விகிதத்தால் பெருக்கினால், கிராங்க் ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் எத்தனை முறை சுற்றும் என்பது கிடைக்கும். ஏற்றத்துக்கு இந்த எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. டீரெய்லர் மவுண்டன் பைக்கில் முன்னே 32, பின்னே 50 பற்கள் இருந்தால் இந்த எண் 0.64. இப்போது ஷிமானோவின் 8 கியர் ஹப்பை எடுத்துக்கொள்வோம். நெக்ஸஸ் ஆனாலும் அல்ஃபீன் ஆனாலும் முதல் கியர் 0.527, எட்டாம் கியர் 1.615. முன்னே 38, பின்னே 20 என்று வைத்தால் 1.9 பெருக்கல் 0.527, அதாவது 1.0. செங்குத்தான மண் ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டிய நிலைதான். பின் பல்சக்கரத்தை இன்னும் பெரிதாக்கலாமே என்றால், அதற்கும் வரம்பு உண்டு: முன் பின் பல் விகிதம் குறையக் குறைய ஹப்புக்குள் செல்லும் முறுக்கு விசை கூடுகிறது, பல்லிணைகள் நொறுங்கலாம். ஷிமானோவின் 8 கியர் ஹப்புகளுக்குச் சுமார் 2 என்ற விகிதமே வழக்கமான பரிந்துரை. அதற்கு வெகு கீழே போகக் கூடாது.

ரோலாஃப் நிறுவனத்தின் ஸ்பீட்ஹப்பில் 14 கியர்கள் உள்ளன. முதல் கியர் 0.279. முன்னே 38, பின்னே 17 வைத்தால் கிடைப்பது 0.62, அதாவது டீரெய்லர் மவுண்டன் பைக்கிற்கு இணையான ஏற்றக் கியர். ஹப்பின் மொத்த வீச்சை, அதாவது கடைசிக் கியர் விகிதத்தை முதல் கியர் விகிதத்தால் வகுத்து வரும் எண்ணைப் பார்த்தாலும் வேறுபாடு புரியும்: நெக்ஸஸ் 3 கியருக்கு 186 விழுக்காடு, 8 கியர் ஹப்புகளுக்கு 307, அல்ஃபீன் 11 கியருக்கு 409, ரோலாஃபுக்கு 526. ஆகவே முழுக் கவரோடு உண்மையான மலை ஏற்றமும் வேண்டும் என்பவருக்கு ரோலாஃப் போன்ற அகன்ற வீச்சுள்ள ஹப்தான் விடை. சமமான காட்டுச்சாலை, ஆற்றங்கரை மண்பாதை, மழையில் அன்றாடப் பயணம் என்றிருப்பவருக்கு 8 கியரே போதும். எந்த ஹப்பாக இருந்தாலும் அதன் தயாரிப்பாளர் அனுமதிக்கும் மிகக் குறைந்த பல் விகிதத்தைக் கையேட்டில் பார்த்த பிறகே பல்சக்கரம் வாங்குங்கள்.

இன்னொரு விளைவையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. செயினின் கண்ணிகளுக்கிடையே உள்ள தூரம் 12.7 மில்லிமீட்டர் என்பதால், 38 பல் சக்கரத்தின் விட்டம் சுமார் 154 மில்லிமீட்டர், 32 பல் சக்கரத்துக்கு 130. அதாவது 38 பல் சக்கரத்தின் அடிப்பகுதி தரைக்கு 12 மில்லிமீட்டர் நெருக்கமாகிறது. அதன்மேல் கவரின் கனமும் சேரும். கட்டைகளையும் பாறைகளையும் தாவிக் கடக்கும் வழக்கமுள்ளவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த உறை பல்சக்கரத்தை அடியிலிருந்து காக்கும் இடிதாங்கித் தகடு அன்று. உடல் எடையோடு ஒரு கல்லில் மோதினால் உடையும்.

பல்சக்கரத்தின் தடிமனும் கவனத்துக்குரியது. மெல்லிய எஃகுச் சக்கரமே மிதக்கும் உறைக்கு உகந்தது. தடித்த அலுமினியச் சக்கரமும், வெளிப்பக்கம் காப்பு வளையம் சேர்த்த சக்கரமும் உறையின் உட்சுவரில் உரசும். காப்பு வளையம் இருந்தால் கழற்றிவிட வேண்டும்.

படி 3: செயின் கோடு

சைக்கிளின் நடுக்கோட்டிலிருந்து முன் பல்சக்கரம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, பின் பல்சக்கரமும் அவ்வளவே தள்ளி இருக்க வேண்டும். திறந்த செயினில் மூன்று நான்கு மில்லிமீட்டர் பிசகு இருந்தாலும் ஓடிவிடும். உறைக்குள் அந்தப் பிசகு செயினை ஒரு பக்கச் சுவரில் சாய்த்துவிடும். ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் கொண்டுவருவதை இலக்காக வையுங்கள்.

பின்பக்கத்தை அளப்பது எளிது. ஹப் உட்காரும் அகலம் 135 மில்லிமீட்டர் என்றால் அதில் பாதி 67.5. பிளவுத் தகட்டின் உள்முகத்திலிருந்து பின் பல்சக்கரத்துப் பல்லின் நடுவரை அளந்து அதைக் கழியுங்கள், அளவு 13.5 வந்தால் செயின் கோடு 54, இதுவே ரோலாஃபின் வழக்கமான அளவு. முன்பக்கத்தில், சீட் குழாயின் விட்டத்தை அளந்து பாதியாக்கி, குழாயின் வெளிமுகத்திலிருந்து முன் பல்லின் நடுவரை உள்ள தூரத்தை அதனுடன் கூட்டினால் போதும்.

இரண்டும் ஒத்துவராவிட்டால் திருத்த வழிகள் உண்டு. ஷிமானோ ஹப்பின் பின் பல்சக்கரம் நடுவில் குழிந்த வடிவில் இருந்தால், அதைக் கழற்றித் திருப்பிப் போட்டாலே கோடு சில மில்லிமீட்டர் நகரும். முன் பல்சக்கரத்தை கிராங்கின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாற்றலாம், போல்ட்டுகளில் மெல்லிய வாஷர்கள் இடலாம், பாட்டம் பிராக்கெட்டை நீள அச்சுள்ளதாக மாற்றலாம். முதலில் செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

படி 4: செயினும் இறுக்கமும்

பழைய செயினை உறைக்குள் அடைக்காதீர்கள். புதிய செயினில் 12 அங்குல நீளம், அதாவது 24 பின்களின் இடைவெளி, 304.8 மில்லிமீட்டர் இருக்கும். அது 307.8 ஆகிவிட்டால் செயின் 1 விழுக்காடு நீண்டுவிட்டது, அதை மாற்றலாம். கழற்றி மாட்டும் இணைப்புக் கண்ணி உள்ள செயினே வசதியானது. அந்தக் கண்ணியில் உள்ள பின்களின் முனைகள் வெளியே துருத்தாததாகப் பார்த்து வாங்குங்கள்.

இறுக்கத்தைச் சரிபார்ப்பதில் நிதானம் வேண்டும், ஏனெனில் எந்தப் பல்சக்கரமும் முழு வட்டமாக இருப்பதில்லை. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, கிராங்கைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே செயினின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஓர் இடத்தில் செயின் விறைப்பாகவும், அரைச் சுற்றுக்குப் பின் தளர்வாகவும் இருந்தால் முன் பல்சக்கரம் மையத்தில் இல்லை என்று பொருள். அதன் போல்ட்டுகளை இலேசாகத் தளர்த்தி, விறைப்பான நிலையில் செயினின் மேல் ஓட்டத்தை மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டினால் சக்கரம் சிறிது நகரும். மீண்டும் சுற்றிப் பார்த்து, வேறுபாடு குறையும்வரை இதைத் தொடர்ந்து, பிறகு போல்ட்டுகளைக் குறுக்குவாட்டில் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். மிக விறைப்பான இடத்தில்கூடச் செயின் மொத்தமாக 10 மில்லிமீட்டராவது அசைய வேண்டும். மிகத் தளர்வான இடத்தில் 15 மில்லிமீட்டரைத் தாண்டினால் உறையின் சுவரில் அடிக்கத் தொடங்கும். இறுக்கினால்தான் நல்லது என்று எண்ணி நாணேற்றியதுபோல் வைத்துவிடுவது புதியவர்கள் செய்யும் வழக்கம். அது ஹப்பின் பேரிங்கைத் தின்றுவிடும்.

இறுக்கம் சரியானதும் பின் அச்சின் நட்டுகளை முடுக்குங்கள். ஷிமானோ ஹப்புகளுக்கு 30 முதல் 45 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை குறிக்கப்பட்டிருக்கிறது. அச்சு சுழலாமல் தடுக்கும் வாஷர்கள் இரு பக்கமும் தம் இடத்தில் உள்ளனவா என்று பார்க்க மறக்காதீர்கள். அவை பிளவின் கோணத்துக்கேற்ப வெவ்வேறு நிறத்தில் வருகின்றன, ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட முடியாது. சக்கரம் நகர்ந்தால் கியர் கேபிளின் இழுவையும் மாறிவிடும். 8 கியர் ஷிமானோவில் கியர் மாற்றும் கைப்பிடியை 4ஆம் கியரில் வைத்து, ஹப்பின்மேல் உள்ள இரண்டு மஞ்சள் கோடுகளும் நேராக வரும்படி கேபிளைச் சரிசெய்யுங்கள். அல்ஃபீன் 11 கியரானால் 6ஆம் கியர். இந்த வேலையைக் கவரை மாட்டுவதற்கு முன்பே முடித்துவிடுவது புத்திசாலித்தனம், ஏனெனில் சில சைக்கிள்களில் உறையின் பின்முனை அந்தக் கோடுகளை மறைத்துவிடும்.

படி 5: எண்ணெய்

ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு விட்டு, கிராங்கைப் பல சுற்றுகள் திருப்பி, வெளியே வழிவதைத் துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். உறைக்குள் எண்ணெய் காயாது, கழுவப்படாது; அதனால் குறைவாகவே போதும். செயினைக் கிரீஸில் தோய்த்து அடைத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் திறக்க வேண்டியதில்லை என்று சிலர் சொல்வதுண்டு. நான் அதை ஏற்பதில்லை: எப்படியோ உள்ளே நுழைந்துவிடும் மணலைக் கிரீஸ் விடவே விடாது.

படி 6: மாட்டுதல்

மிதக்கும் உறையின் பகுதிகள் செயினின் இருபுறமும் வைத்து அழுத்திக் கவ்வும்படி செய்யப்பட்டவை. கிராங்கைக் கழற்றத் தேவையில்லை. பிணைக்கும் வகைப் பெட்டிகளுள் சிலவற்றிற்குக் கிராங்கைக் கழற்றியே ஆக வேண்டும், அதற்குரிய இழுப்பான் கருவி கையில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

முன்பகுதியை முதலில் மாட்டுங்கள். உள் பாதியைச் செயின் ஸ்டேக்கும் பல்சக்கரத்துக்கும் இடையே சாய்வாக நுழைத்து நிமிர்த்த வேண்டும்.  வெளிப் பாதியை அதன்மேல் பொருத்தி, விளிம்பு நெடுகிலும் கொக்கிகள் ‘டக்’கென்று உட்காரும் ஒலி வரும்வரை இரு கைகளாலும் அழுத்துங்கள். ஒரு கொக்கி விட்டுப்போனாலும் அந்த இடத்தில் விளிம்பு மயிரிழை அளவு பிரிந்து நிற்கும். நகத்தை விளிம்பு நெடுக ஓட்டிப் பார்த்தால் அது தட்டுப்படும். பிறகு பின்பகுதியைப் பின் பல்சக்கரத்தின்மேல் வைத்து, முன்பகுதியின் கால்வாய்களுக்குள் சறுக்கவிட்டுப் பூட்டுங்கள். உறையின் பின்முனை பல்சக்கரத்தை நெருக்கி இழுத்துக்கொண்டிராமல், கையால் அசைத்தால் முன்பின்னாகச் சற்று ஆட வேண்டும். அந்த ஆட்டம் கோளாறு அன்று, மிதப்பதற்குத் தேவையானது.

இங்கே இரண்டு வகைகளுக்கும் இடையிலான ஒரு பெரிய வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். பாட்டம் பிராக்கெட்டைத் திருப்பிச் செயினை இறுக்கும் சட்டகத்தில், ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் முன் பல்சக்கரம் பின்முன்னாக மட்டுமன்றி மேலும் கீழுமாகவும் இடம்பெயர்கிறது. மிதக்கும் உறை பல்சக்கரத்தோடு சேர்ந்து நகர்ந்துவிடும். பிணைத்த பெட்டியோ நின்ற இடத்திலேயே நிற்க, உள்ளே பல்சக்கரம் ஒரு சுவரை நோக்கி நகரும். அத்தகைய சட்டகத்துக்குப் பிணைக்கும் பெட்டியை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

படி 7: காதால் சோதித்தல்

பின்சக்கரத்தைத் தூக்கிக் கிராங்கை முன்னோக்கிச் சுழற்றுங்கள். பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும் ஹப்பாக இருந்தால் பின்னே சுற்றிப் பார்க்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள். புதிய உறையில் மெல்லிய, சீரான உரசல் ஒலி கேட்பது இயல்பு. ஓட ஓட அது அடங்கும். அடங்காதவை தாளத்தோடு வரும் ஒலிகள், அந்தத் தாளமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தட்டினால் முன் பல்சக்கரம் வளைந்திருக்கிறது, அல்லது ஒரு போல்ட் துருத்தி நிற்கிறது. சுமார் இரண்டரைச் சுற்றுக்கு ஒருமுறை வந்தால் பிழை செயினில்தான்: 100 கண்ணிகள் உள்ள செயின் 38 பல் சக்கரத்தில் ஒரு முழு வலம் வர 2.6 சுற்றுகள் ஆகும், ஆகவே விறைத்த ஒரு கண்ணியோ துருத்திய இணைப்புக் கண்ணியோ அந்த இடைவெளியில்தான் உறையைத் தட்டும். தூக்கி நிறுத்தியபோது அமைதியாக இருந்து, ஏறி மிதிக்கும்போது மட்டும் உரசினால், அழுத்தத்தில் சட்டகமும் கிராங்கும் வளைந்து உறை செயின் ஸ்டேயைத் தொடுகிறது. படி 1இன் அட்டைச் சோதனையில் இடைவெளி மிகக் குறைவாக இருந்த சைக்கிள்களில் இது நேரும்.

பாதையில் கவனிக்க வேண்டியவை

கவர் காற்றுப் புகாத பெட்டி அன்று. கிராங்கைச் சுற்றியும் ஹப்பைச் சுற்றியும் திறப்புகள் இருந்தே தீரும். சக்கரம் வாரியடிக்கும் சேற்றையும் மழைச்சாரலையும் அது நன்றாகவே தடுக்கிறது. ஆனால் ஓடையை ஹப் மூழ்கும் அளவுக்குக் கடந்தால் தண்ணீரும் வண்டலும் உள்ளே போகும். அன்று இரவே பின்பகுதியைத் திறந்து, செயினைத் துடைத்து, காயவிட்டு, எண்ணெய் இட வேண்டும். திறந்த செயினில் துரு கண்ணில் படும். மூடிய செயினில் அது பின்கள் விறைத்து ஒலி எழுப்பும்போதுதான் தெரியவரும்.

நுண்மணல் இதைவிட மோசமானது. கடற்கரையிலும் மணற்காட்டிலும் தொடர்ந்து ஓட்டுபவருக்கு முழுக் கவர் நன்மையைவிடத் தீமையே செய்யக்கூடும், ஏனெனில் திறந்த செயினிலிருந்து உதிர்ந்துவிடும் மணல் உறைக்குள் தங்கி அரைத்துக்கொண்டே இருக்கும். சுள்ளிகள் நிறைந்த காட்டுப்பாதையில் ஒரு குச்சி உறைக்கும் கிராங்குக்கும் இடையே சிக்கினால் மிதிப்பதை உடனே நிறுத்துங்கள். மிதித்தே உடைத்துவிடலாம் என்று முயன்றால் முதலில் உடைவது உறையின் கொக்கிதான். கழுவும்போது அழுத்தக் குழாயின் நீரைக் கிராங்குத் திறப்பிலோ ஹப்பின் பக்கவாட்டிலோ பாய்ச்சக் கூடாது. வாளித் தண்ணீரும் துணியும் போதும்.

பஞ்சரும் சக்கரம் கழற்றுதலும்

பலரைத் தயங்க வைப்பது இதுதான். உண்மையில் பெரும்பாலான பஞ்சர்களுக்குச் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். சைக்கிளைச் செயின் பக்கம் கீழே படாதவாறு இடப்பக்கமாகச் சாய்த்து, மேலே தெரியும் பக்கத்து டயர் விளிம்பை ரிம்மிலிருந்து விடுவித்து, டியூப்பின் ஓட்டையுள்ள பகுதியை மட்டும் வெளியே இழுத்து ஒட்டிவிடலாம். முள் டயரில் எங்கே குத்தியது என்று கண்டால் ஓட்டை எங்கே என்பதும் தெரிந்துவிடும்.

டியூப்பையோ டயரையோ மாற்ற வேண்டியிருந்தால் வரிசை இது. ஷிமானோவின் 8 கியர் ஹப்பானால் கைப்பிடியை 1ஆம் கியருக்குக் கொண்டுவந்து, கேபிளின் வெளியுறையை ஹப்பின்மேல் அதைத் தாங்கும் பிடியிலிருந்து இழுத்தெடுத்து, கேபிள் முனைத் திருகை ஹப்பிலிருந்து விடுவியுங்கள். ஹப்புக்குள்ளேயே பிரேக் இருந்தால் அதன் கையைச் செயின் ஸ்டேயோடு பிணைக்கும் போல்ட்டைக் கழற்றுங்கள். கவரின் பின்பகுதியைப் பின்னோக்கிச் சறுக்கி எடுத்துவிடுங்கள். முன்பகுதி அப்படியே இருக்கட்டும். அச்சு நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தை முன்னே தள்ளினால் செயின் தளர்ந்து பல்சக்கரத்திலிருந்து நழுவும். நட்டுகளையும் வாஷர்களையும் கழற்றிய வரிசையிலேயே துணியில் பரப்பி வையுங்கள். திரும்ப மாட்டும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதல் முறை இதை மழையில் இருட்டில் செய்ய நேராதிருக்க, வீட்டிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். அச்சு நட்டுக்குரிய ஸ்பேனரும் டயர் நெம்புகோல்களும் பையில் எப்போதும் இருக்க வேண்டும்.

பராமரிப்பு

புதிய செயின் தொடக்கத்தில் சற்று நீளும். ஆகவே முதல் சில வாரங்களுக்குள் ஒருமுறை பின்பகுதியைத் திறந்து தொங்கலைப் பாருங்கள். அதன்பின் பருவத்துக்கு ஒருமுறை திறந்து, செயினைத் துடைத்து எண்ணெய் இட்டு, உறையின் உட்சுவரில் எங்கே பளபளவென்று தேய்ந்திருக்கிறது என்று நோக்குங்கள். இரு சுவர்களிலும் சமமாக, மங்கலாகத் தேய்ந்திருந்தால் எல்லாம் ஒழுங்கு. ஒரே சுவரில் ஆழமான கோடு விழுந்திருந்தால் செயின் கோடு பிசகியிருக்கிறது, படி 3க்குத் திரும்புங்கள். கீழ்க் கால்வாயின் நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் செயின் தொங்குகிறது. ரோலாஃப் ஹப்பிற்கு 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றச் சொல்லப்பட்டிருக்கிறது. அதே நாளில் செயின் வேலையையும் வைத்துக்கொண்டால் இரண்டும் விட்டுப்போகாது.

டீரெய்லர் சைக்கிளில் செயினை மாற்ற வேண்டிய அளவுக்குத் தேய்ந்தபின்னும் ஹப் கியரில் அது பற்களைத் தாவாமல் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் சிலர் அச்சைப் பின்னே இழுத்துக்கொண்டே போகிறார்கள். அச்சு பிளவின் கடைசியைத் தொட்டுவிட்டால், இரண்டு கண்ணிகளை நீக்கிச் சிறிது காலம் ஓட்டலாம். ஆனால் அளவு 1 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் புதிய செயினே மேல். பழைய செயினின் கண்ணிகளை எண்ணி அதே எண்ணிக்கையில் புதியதை வெட்டுங்கள். நீளத்தை வைத்து ஒப்பிட்டால் பழையது நீண்டிருப்பதால் கணக்குத் தவறும். பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி வடிவம் எடுத்திருந்தால், திருப்பிப் போடக்கூடிய பல்சக்கரத்தைத் திருப்பி மாட்டித் தேயாத முகத்தைப் பயன்படுத்தலாம். குழிந்த வடிவுள்ள பல்சக்கரத்தைத் திருப்பினால் செயின் கோடும் மாறிவிடும் என்பதால், அதற்குப் பதிலாகப் புதியதை மாட்டுவதே சரி.